நான் அளந்த பன்னிரண்டு பெட்டிகள்

“அது கெடக்கட்டும் மேடம். அந்த மாஸ்டர அளந்தது யாரு?”

கேட்டவர் ஏகாம்பரம், கிரைண்டிங் மெஷின் ஆபரேட்டர். கேட்ட இடம் எங்கள் தொழிற்சாலை கேண்டீனை ஒட்டிய சின்ன அறை. சுவருக்கு அந்தப் பக்கம் வடை பொரிகிற சத்தம். இந்தப் பக்கம் உள்விசாரணை. ஒரு தொழிலாளியை வேலையை விட்டு அனுப்புவதற்கு முன் கம்பெனியே நடத்துகிற விசாரணை அது. சென்னையிலிருந்து கம்பெனி அழைத்து வந்த வக்கீல்தான் விசாரணை அதிகாரி. குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சியிடம் கேள்வி கேட்கலாம் என்று சட்டம் சொல்வதால், ஏகாம்பரம் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சாட்சி நான். இருபத்திரண்டு வயது, பி.எஸ்ஸி. இயற்பியல், தர ஆய்வுப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம்.

அதற்குச் சற்று முன்தான் கணீரென்று சொல்லி முடித்திருந்தேன்: “இவர் தேய்த்த பன்னிரண்டு பெட்டிப் பின்களும் ஐந்து மைக்ரான் பருமன் கூடுதல். நானே அளந்தேன்.” பின் என்றால் ஸ்கூட்டர் எஞ்சினுக்குள் போகும், விரல் நீள எஃகு உருளை. ஐந்து மைக்ரான் என்றால் ஒரு தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு சின்ன வித்தியாசத்தை அளப்பதற்கு, சரியான பருமன் உள்ள ஒரு மூல உருளையை முதலில் கருவியில் வைத்து முள்ளைப் பூஜ்ஜியத்தில் நிறுத்துவோம். அந்த மூல உருளைக்குப் பெயர்தான் மாஸ்டர்.

“அதுக்கு மெட்ராஸ்ல சர்டிஃபிகேட் வாங்கியிருக்கு” என்றேன்.

“மெட்ராஸ்காரன் வச்சிக்கிற மாஸ்டர?”

“அதை டெல்லியில சரிபார்ப்பாங்க.”

“டெல்லிக்காரனத?”

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விசாரணை அதிகாரி தட்டச்சுக்காரரைப் பார்த்து, “இந்தக் கேள்வி சம்பந்தமில்லாதது, எடுக்க வேணாம்” என்றார். தட்டச்சுப் பொறி நின்றது.

என் சிரிப்பும் அதோடு நின்றது. டெல்லிக்கு அப்பால் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு அறையில், எல்லா அளவுகளுக்கும் முந்தைய அளவு ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதை எதைக் கொண்டு அளந்தார்கள்? அந்த இடத்தில் ‘இதுதான் சரி’ என்று யாரோ ஒருவர் சொல்லி, மற்றவர்கள் தலையாட்டியிருக்க வேண்டும். ஏகாம்பரத்தின் வேலை அந்தத் தலையாட்டலில் தொங்குகிறது. அந்த எண்ணம் முதன்முதலில் என்னைக் குத்தியது அங்கேதான், வடை வாசனைக்கு நடுவில்.

குத்தத்தான் செய்தது. ஆனாலும் தட்டச்சான வாக்குமூலத்தின் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

எண் என்கிற கவசம்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. அப்பா பகுத்தறிவுக்காரர். சாப்பாட்டு நேரத்தில்கூட ‘ஏன்’ என்று கேட்கலாம், அடி விழாது. ஊர்க் கோயிலில் குறி சொல்பவரிடம் எட்டு வயதில் நான் குறுக்குக் கேள்வி கேட்டு அழவைத்ததை அப்பா பெருமையாகப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறார். சாமியைக் கேட்ட கேள்வியைத் தராசைக் கேட்க மட்டும் எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

கல்லூரியில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். அதன் முதல் பக்கத்தில், ‘எண்ணால் சொல்ல முடியாதது அறிவாகாது’ என்று சிவப்பு மையில் எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால் அந்த இரண்டாவது கோடுதான் கூச வைக்கிறது.

அந்த ஷெட்டில் பெண் என்று இருந்தது நான் ஒருத்திதான். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மெஷின்களுக்கு நடுவே நடக்கும்போது பேச்சு சட்டென்று நிற்கும், நான் தாண்டியதும் சிரிப்புக் கேட்கும். நான் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு கேலி தயாராக இருந்தது. ஆனால் கருவியின் முள் ஒரு எண்ணைக் காட்டிவிட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். முள்ளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நன்றாகவே பொருந்தியது.

ஏகாம்பரம் ஒருவர்தான் முள்ளையும் விடமாட்டார். ஷிஃப்ட் தொடங்கியதுமே, “இன்னா மேடம், இன்னிக்கி எத்தினி கிலோ மைக்ரான் எட்த்துகினு வந்தீங்கோ?” என்பார். வடக்குப்பட்டுக்காரர். முப்பது வயது இருக்கும். கை சுத்தம், ஆனால் சோம்பேறி என்றும் பெயர். இரண்டும் உண்மைதான். அந்த வருடம் அவர் தொழிற்சங்கம் பற்றியும் பேசத் தொடங்கியிருந்தார்.

பழகணும் மேடம்

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. லைனில் உபயோகிக்கும் மாஸ்டரை வெல்வெட் பெட்டியில் வைக்க மாட்டார். தேய்த்து எடுத்த பின்களோடு, அழுக்கு எண்ணெய்த் தட்டில் போட்டுவிடுவார். டீ குடித்துவிட்டு வந்து, அதே தட்டிலிருந்து எடுத்து முள்ளை நிறுத்துவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இது மாஸ்டர். நட்டு போல்ட் இல்ல. ஏன் இதுல போடறீங்க?”

“பழகணும் மேடம். ஒண்ணோட ஒண்ணு பழகணும்.”

“இரும்பு பழகுமா?”

“சந்தையில வாங்கின மாட்ட இட்டாந்து அன்னிக்கே கறக்க முடியுமா? ரெண்டு நாளு கொட்டாய்ல நிக்கணும்ல?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். குறி சொல்பவரை அழவைத்த எட்டு வயதுப் பெண் எனக்குள் எழுந்து உட்கார்ந்தாள். மூடநம்பிக்கை! அதுவும் என் ஷெட்டில்!

அன்றே லைனில் இருந்த மாஸ்டரைப் பிடுங்கிப் பூட்டி வைத்தேன். புதிய விதி எழுதினேன்: இனி மாஸ்டர் ஏ.சி. அறையில்தான் இருக்கும், அளக்கும் நேரத்தில் தர ஆய்வாளர் கொண்டுவருவார், வேலை முடிந்ததும் திரும்பப் போய்விடும். மேலாளர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். ஏகாம்பரத்தின் மேல் ஒரு மெமோவும் எழுதினேன். ‘மாஸ்டரை அலட்சியமாகக் கையாண்டார்.’ அந்த மெமோ பிறகு குற்றப் பத்திரிகையில் முதல் வரியாக ஏறியது.

அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் இறங்காத நாட்கள் அவை. தகரக் கூரை. மெஷினிலிருந்து வரும் பின்னைத் தொட்டால் சுடச்சுடக் காபி குடித்து வைத்த டம்ளர் போல இருக்கும். நான் ஏ.சி. அறையிலிருந்து மாஸ்டரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வருவேன். பெட்டியைத் திறந்ததும் அதன் மேல் பொடிப்பொடியாக ஈரம் பூக்கும். துருப் பிடித்துவிடுமே என்று மான்தோல் துணியால் பதமாகத் துடைப்பேன். துடைத்துவிட்டு உடனே முள்ளை நிறுத்துவேன். பிறகு ஏகாம்பரத்தின் பின்களை ஒவ்வொன்றாக வைப்பேன்.

ஐந்து கூடுதல். ஐந்து கூடுதல். நான்கரை. ஐந்து.

விதி வந்த முதல் வாரத்திலேயே பன்னிரண்டு பெட்டி. “வேணும்னே பண்றான்” என்றார் மேலாளர். வேண்டுமென்றே செய்வதாகத்தான் எனக்கும் பட்டது. பெட்டிகள் அந்த வாரக் கடைசியிலேயே பழைய இரும்போடு லாரி ஏறி, உருக்குவதற்குப் போய்விட்டன.

எல்லாரும் பார்த்தார்கள்

ஒரு கிளைக் கதை. அந்த வருடம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுதியவர்கள் போதும். ஒன்றே ஒன்று சொல்கிறேன். சம்பவம் நடந்த மறுநாள், ‘அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை’ என்றவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். ஒரு மாதம் கழித்துப் போகாதவர் ஒருவர்கூட இல்லை. பால் பூத்தில் நின்றால், அவரவர் பார்த்ததை அவரவர் சொல்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி, அது கண்ணால் கண்டதாகவே ஆகிவிட்டது.

நம் பழைய தருக்கத்தில் அறிவதற்கு வழி மூன்று என்பார்கள்: காண்பது, கருதுவது, பெரியவர் உரையைக் கேட்பது. கேட்டறிவதைப் பால் பூத்தில் பார்த்து நான் நன்றாகச் சிரித்தேன். கண்டறிகிற ஆள் நான், முள்ளைக் கண்ணால் பார்க்கிறவள். என் பார்வையின் அடியில், மெட்ராஸிலிருந்து வந்த ஒரு காகிதம் என்கிற உரை படுத்திருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

ஏகாம்பரம் வேலையை விட்டு நீக்கப்பட்ட பிறகு, யாரும் பருமன் கூடிய பின் செய்யவில்லை. என் முள் பூஜ்ஜியத்தில் நிற்கும்வரை எல்லாரும் தேய்த்தார்கள். பார், இப்போது எல்லாம் சரியாக வருகிறது, அப்படியானால் அந்த ஆள்தான் தவறு செய்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் எண்ணுக்குப் பயந்து செய்யப்பட்ட பின்களையே என் எண்ணுக்கு ஆதாரமாக வைத்துக்கொண்டேன். இதை விடச் சுத்தமான வட்டத்தை நான் வடிவியல் வகுப்பில்கூடப் போட்டதில்லை. பின் லூசாக வருகிறது என்று வாங்குகிற கம்பெனியிலிருந்து கடிதம் வந்தபோது, “அவங்க மாஸ்டர்ல ஏதோ கோளாறு” என்றார் மேலாளர். நானும் அதையே பதிலாகத் தட்டச்சு செய்து அனுப்பினேன்.

பன்னீர் சோடா

ஐந்தாறு மாதம் கழித்து, பஸ் நிலையத்தில் ஒரு பெட்டிக்கடை. ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பன்னீர் சோடா எடுத்துத் தந்தார்கள். கையில் வாங்கிய கணத்தில் பாட்டில் வியர்த்தது. முந்தானையால் துடைத்தேன். மறுபடி வியர்த்தது. மறுபடி துடைத்தேன். அந்தக் கை அசைவு எனக்குப் பரிச்சயமானது.

சூட்டில் இரும்பு விரியும். குளிரில் சுருங்கும். ஆறாம் வகுப்புப் பாடம். குளிர்ந்து சுருங்கிய மாஸ்டரை வைத்து முள்ளைப் பூஜ்ஜியத்தில் நிறுத்திவிட்டு, சூடாக விரிந்திருந்த பின்களை அளந்திருக்கிறேன். சரியான பின்கூடப் பருமனாகத்தான் காட்டும். அதைத் தவிர்ப்பதற்குத்தான் ஏகாம்பரம் இரண்டையும் ஒரே தட்டில் கிடக்கவிட்டார். ‘வெப்பச் சமநிலை’ என்று பரீட்சையில் எழுதிப் பத்து மதிப்பெண் வாங்கியது நான். அவர் ‘பழகணும்’ என்றார். மெமோ எழுதினேன்.

ஒவ்வொரு முறையும் அந்த ஈரத்தைப் பார்த்தேன், என் கையாலேயே துடைத்தேன். மாஸ்டர் குளிர்ந்திருக்கிறது என்று சொல்ல வந்த ஒரே சாட்சியை, மான்தோல் துணியால் தினமும் துடைத்துப் போட்டிருக்கிறேன்.

சோடாவைக் குடிக்காமலே வைத்துவிட்டு மறுபடி ஃபேக்டரிக்குப் பஸ் ஏறினேன்.

மேலாளர் முழுக்கக் கேட்டார். நல்ல மனிதர்தான், டீ வரவழைத்தார். “சரிம்மா. அப்போ அந்தப் பன்னெண்டு பெட்டியும் நல்ல பின்னுன்னு சொல்றியா?”

“அது தெரியாது சார். எவ்வளவு சூடு இருந்துதுன்னு அன்னைக்கு நான் எழுதி வைக்கல.”

“மோசமான பின்னா?”

“அதுவும் தெரியாது.”

“தெரியாதுன்னு எழுதறதுக்கு நம்மகிட்ட ஃபார்ம் இல்லம்மா” என்றார். உண்மைதான். எங்கள் படிவத்தில் இரண்டே கட்டங்கள்: ஓ.கே., ரிஜெக்ட்.

அன்று பஸ்ஸில் வரும்போது ஒன்றை யோசித்தேன், அதிலேயே இன்னும் இருக்கிறேன். எல்லா மாஸ்டரையும் சந்தேகப்பட்டால் ஒரு பின்னைக்கூட அளக்க முடியாது, தொழிற்சாலை நின்றுவிடும். எங்காவது சந்தேகத்தை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் எங்கே நிறுத்துவது என்று பகுத்தறிவு சொல்லித் தருவதில்லை. எங்கள் ஷெட்டில் சந்தேகம் எப்போதும் ஏ.சி. அறையின் கதவருகே வந்து செருப்பைக் கழற்றிவிட்டது. ஏகாம்பரத்தின் கையைச் சந்தேகப்பட்டோம், கண்ணைச் சந்தேகப்பட்டோம், நோக்கத்தைச் சந்தேகப்பட்டோம். கதவுக்கு அந்தப் பக்கம் போகவில்லை. நியாயமான எந்தக் காரணமும் இல்லை. அங்கே குளிராக இருந்தது, நாற்காலி இருந்தது, நான் இருந்தேன்.

மறு மாதம் ராஜினாமா செய்தேன். அதில் வீரம் ஒன்றுமில்லை. டுடோரியலில் இயற்பியல் பாடம் எடுக்க இடம் கிடைத்திருந்தது.

வடக்குப்பட்டில்

ஏகாம்பரம் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார். அது நான்கு வருடமாக நகர்கிறது. இரண்டு வாரத்துக்கு முன் அவருடைய வக்கீலிடமிருந்து எனக்கு ஆள் வந்தது: சாட்சி சொல்ல வருவீர்களா? ஞாயிற்றுக்கிழமை நானே வடக்குப்பட்டுக்குப் போனேன்.

ஏகாம்பரம் வாசலில் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது லாரி வெல்டிங் கடையில் கூலி வேலை. கண்கள் சிவந்திருந்தன.

“இன்னா மேடம், எத்தினி கிலோ?” என்றார். சிரிக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். குளிர், சூடு, ஈரம், துணி. அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தபடியே கேட்டார். அவர் மனைவி தனம் முறத்தோடு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தார்.

“அப்போ கோர்ட்டுல வந்து, பின்னு எல்லாம் நல்ல பின்னுதான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். போதும்” என்றார் ஏகாம்பரம்.

“அது எனக்குத் தெரியாதே. என் அளவு தப்புன்னுதான் தெரியும்.”

“ரெண்டும் ஒண்ணுதான?”

“இல்ல. ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. அந்த வாரம் மெஷின் கல்லைச் சீவினீங்களா?” தேய்க்கும் கல்லை அவ்வப்போது வைர முனையால் சீவிச் சரிசெய்யாவிட்டால் பின் நிஜமாகவே பருமனாகத்தான் வரும்.

அவர் டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். “ஓவர்டைம் ஓடிகினு இருந்துது... சீவியிருப்பேன்.”

“சீவியிருப்பேனா, சீவினேனா?”

“நாலு வருசம் ஆச்சு மேடம். நெனப்பு இல்ல.”

தனம் முறத்தைக் கீழே வைத்தார். “தா பாரு. ஒனக்கும் தெரியாது, இந்தம்மாவுக்கும் தெரியாது” என்று கணவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “ தெரியாதுன்னு சொல்றதுக்கா நாயித்துக்கெழமை பஸ்சு ஏறி வந்த?”

தனம் நிறுத்தவில்லை.

“இப்ப தெரியாதுன்றியே, இத அன்னிக்கி சொல்லக் கூடாது? இப்ப கீற தெரியாது அன்னிக்கும் இருந்துச்சில்ல? தெரியாமதான ஒரு ஆள வெளிய தள்னீங்கோ?”

“ஏய், வுடு. மேடம் வூடு தேடி வந்துகீறாங்க” என்றார் ஏகாம்பரம்.

“இன்னாத்த வுடறது? சர்டிபிகேட் கீதுன்னு சொல்றப்ப மட்டும் வாய் நல்லா வந்துச்சாமே.”

எத்தனையோ புத்தகங்களில் தேடி நான் கண்டுபிடிக்காததை முறத்தோடு வந்து உட்கார்ந்தவர் கேட்டுவிட்டார். அறிவுக்கு எல்லை உண்டு என்று இந்த நான்கு வருடமாக நோட்டு நோட்டாக எழுதி வைத்திருக்கிறேன். அழகாகவும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த எல்லையை நான் கண்டுகொண்டது இன்னொருவர் வேலையைத் தின்ற பிறகு. தெரியாது என்பது முன்னால் சொன்னால் ஒரு ஆளைக் காப்பாற்றும் சொல். பின்னால் சொன்னால், சொல்கிறவளை மட்டும்தான் காப்பாற்றும்.

கிளம்பும்போது ஏகாம்பரம், “நல்லதுன்னு சொல்ல மாட்டீங்கோ, இல்ல?” என்றார்.

“முடியாது.”

“அன்னிக்கி கெட்டதுன்னு எப்டி சொன்னீங்கோ?”

 

வியாழக்கிழமை

வரும் வியாழக்கிழமை என்னைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். ஏகாம்பரத்தின் வக்கீல் கையைப் பிசைகிறார். “ஆமா, இல்லன்னு சொல்லுங்கம்மா. விளக்கம் ஆரம்பிச்சா கம்பெனி வக்கீல் பிச்சு எடுத்துடுவார். பின் நல்லதான்னு தெரியாதுன்னு நீங்க சொன்னதையே புடிச்சிக்குவார்.” பிடித்துக்கொள்வார், தெரியும். நான் உண்மையைச் சொல்லியே ஏகாம்பரம் தோற்கலாம். ஒரு சின்னப் பொய் சொன்னால் ஜெயிக்கலாம். முன்பு உறுதியாகச் சொன்னதன் கடனை இன்னொரு உறுதியால் அடைத்துவிடத் தோன்றாமல் இல்லை. ராத்திரி பகலாக அதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். பின் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குள் போவதற்கு முன்பே, முதல் வாக்கியமாக, ‘அன்று விசாரணையில் அளந்தேன் என்று சொன்னேன், நான் அளக்கவில்லை’ என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன். குளிர்ந்த மாஸ்டரை வைத்துப் படித்த எண்ணுக்கு அளவு என்று பெயர் இல்லை. அந்தப் படிவத்தில் என் கையெழுத்துக்கு மேலே இருப்பது வெறும் காகிதம். அதை எடுத்துவிட்டால் ஏகாம்பரத்தின் மேல் மிச்சம் என்ன குற்றம் இருக்கிறது என்று கம்பெனிக்காரர்களே சொல்லட்டும். ‘சம்பந்தமில்லாதது’ என்று தட்டச்சை நிறுத்தினால், மறுபடி முதலிலிருந்து சொல்வேன்.

மான்தோல் துணி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு மூலையில் பழுப்பாக ஈரக் கறை. அதையும் எடுத்துப் போகிறேன். அனுமதிப்பார்களா என்று தெரியாது.

தனம் வருகிறாராம். சாட்சி சொல்ல இல்லை. “பின்னாடி பெஞ்சில உக்காந்துகினு பாக்கறேன், சொல்றியா இல்லியான்னு” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.